பிஎச்பி 7.4இலிருந்து 8.3க்கு: பழைய சி நீட்சியைக் காப்பாற்றுவதா, கைவிடுவதா?

#1 தட்டிவான்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு பதிப்பகத்தின் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். அவர்களுடைய பழைய இதழ்கள் எல்லாம் பேஜ்மேக்கரில், யுனிகோட் அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றை யுனிகோடாக்கித் தேடலுக்குக் கொடுக்கிற வேலையை ஒரு பிஎச்பி நீட்சி (பிஎச்பிக்குள் ஏற்றுகிற கூடுதல் மொட்யூல்) செய்கிறது. எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் சி மொழியில் எழுதியது. 5.6 காலத்துச் சாமான். பிறகு யாரோ 7க்கு இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆவணம் என்று ஒன்றும் இல்லை. எழுதியவர் வெளிநாட்டில், மெயில் போட்டால் பதில் இல்லை.

இதுவரை உபுண்டு 20.04, பிஎச்பி 7.4. இப்போது 24.04க்கு மாறவேண்டிய கட்டாயம். அதோடு வருவது 8.3. பழைய எஸ்ஓ கோப்பை (கம்பைல் செய்த நீட்சியை) அப்படியே கொண்டுபோய் வைத்தால் தொடக்கத்திலேயே மறுக்கிறது: மொட்யூல் கம்பைல் ஆன ஏபிஐ (பிஎச்பியோடு பேசுகிற இடைமுகம்) 20190902, பிஎச்பியின் ஏபிஐ 20230831, இரண்டும் பொருந்தவேண்டுமாம். சரி, மூலத்திலிருந்தே கட்டுவோம் என்று பிஎச்பி-ஐஸ், கன்ஃபிகர், மேக் என்ற கட்டும் கட்டளைகளோடு போனால் திரை முழுக்கப் பிழை. டிஎஸ்ஆர்எம்எல்எஸ்_சிசி என்ற ஒன்றைக் கண்ட இடமெல்லாம் அதற்கு முன்னால் அடைப்புக்குறி எங்கே என்று கேட்கிறது.

சி எனக்குத் தெரியும். பிஎச்பியை ஓட்டுகிற ஸென்ட் எஞ்சினின் உள்ளே போனதில்லை. இதைக் காப்பாற்றலாமா, இல்லை தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதுவது நல்லதா?

#2 சங்கிலியன்தோப்பு

கட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கோ. ஒரே இயந்திரத்தில் இரண்டு பிஎச்பி பதிப்பு இருந்தால் பிஎச்பி-ஐஸ் எதனுடையது என்று தெரியாமல் கட்டிவிடுவோம். பதிப்பு எண்ணோடு இருக்கிற 8.3இன் பிஎச்பி-ஐஸைக் கூப்பிடுங்கோ, கன்ஃபிகருக்கும் அதே பதிப்பின் பிஎச்பி-கன்ஃபிக் பாதையைக் கொடுங்கோ. டெவ் பொதியும் வேண்டும். கட்டளை வரியில் வேலை செய்து வெப்பில் வேலை செய்யாவிட்டால், வெப்புக்குப் பிஎச்பியை ஓட்டுகிற எஃப்பிஎம்முக்கு ஐஎன்ஐ (அமைப்பு) கோப்பு வேறு அடைவில் இருக்கிறது என்று அர்த்தம்.

#3 குறிகட்டுவான்

தட்டிவான் தம்பி, எறியவேண்டாம். ஆனால் பிழைகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போகவும் வேண்டாம். கம்பைலர் சொல்கிற பிழை சின்னப் பிரச்சினை. அது சொல்லாமல் விடுவதுதான் உங்களை அலையவைக்கும்.

அந்த ஏபிஐ எண் ஒரு திகதி. 20190902 என்றால் 2019 செப்டெம்பர் 2, 7.4க்கு உரியது. 8.0க்கு 20200930, 8.1க்கு 20210902, 8.2க்கு 20220829, 8.3க்கு 20230831. ஒவ்வொரு 8.எக்ஸ் வெளியீட்டுக்கும் இது மாறும். 8.3.1இலிருந்து 8.3.2க்குப் போனால் மாறாது. கட்டிய கோப்பு அப்படியே ஓடவேண்டும் என்பது அவர்களுடைய விதி. ஆக வருடத்துக்கு ஒருமுறை திரும்பக் கட்டுவது உறுதி. கோடையும் திருத்த வேண்டிவருமா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை பிஎச்பி மூலத்தின் வேர் அடைவிலேயே இருக்கிறது. அப்கிரேடிங் இன்டர்னல்ஸ் என்று ஒரு கோப்பு, ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக. சாதாரண அப்கிரேடிங் கோப்பு பிஎச்பியில் எழுதுகிறவர்களுக்கு, இது நீட்சி எழுதுகிறவர்களுக்கு. நீங்கள் 8.0, 8.1, 8.2, 8.3 நான்கையும் வரிசையாக வாசிக்கவேண்டும். 8.3ஐ மட்டும் வாசித்தால் போதும் என்று நினைக்கவேண்டாம். உங்களுக்கு வலிக்கப்போகிற பெரும்பாலானவை 8.0இல்தான் இருக்கின்றன.

டிஎஸ்ஆர்எம்எல்எஸ் கதை லேசானது. 5 காலத்தில் பல இழைகளில் ஓடுகிற கட்டமைப்புக்காக எஞ்சினின் நிலையை ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கூடுதல் அளவுருவாகக் கடத்தினார்கள். 7.0இல் அந்த முறையை விட்டுவிட்டார்கள், ஆனால் மேக்ரோவை வெறுமையாக வைத்திருந்தார்கள், பழைய கோட் உடையக்கூடாது என்பதற்காக. 8.0இல் மேக்ரோவையும் எடுத்துவிட்டார்கள். 7.0 வந்தது 2015 டிசம்பரில், 8.0 வந்தது 2020 நவம்பரில். இடையில் அதைச் சுத்தம் செய்ய நேரம் இருந்தது, உங்கள் கோடை யாரும் தொடவில்லை. தேடி அழியுங்கோ, அவ்வளவுதான்.

அடுத்தது ஆர்ஜிஇன்ஃபோ. 8.0இலிருந்து ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அளவுரு விபரம் கொடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் தொடங்கும்போதே எச்சரிக்கை வரும். அதைக் கையால் எழுதவேண்டாம். பிஎச்பி தொடரியலிலேயே, ஃபங்ஷன்களின் அறிவிப்பு மட்டும் இருக்கிற ஒரு ஸ்டப் கோப்பு எழுதி, மூலத்தின் பில்ட் அடைவில் இருக்கிற ஜென்_ஸ்டப் நிரலை ஓடவிட்டால் ஹெடரை அதுவே எழுதித் தரும்.

இவ்வளவையும் செய்துவிட்டு வந்து என்ன மிச்சம் என்று சொல்லுங்கோ.

#4 ஒடியல்கூழ்

குறுக்கே பேசுகிறேன், கோபிக்கவேண்டாம். பாமினியை யுனிகோடாக்க சி எதற்கு? பிஎச்பியில் எஸ்டிஆர்டிஆர் ஃபங்ஷனுக்கு ஒரு அட்டவணையைக் கொடுத்தால் நீளமான சாவியை முதலில் பொருத்தும், மாற்றிய இடத்தைத் திரும்பத் தொடாது. எழுத்து மாற்றத்துக்கு வேண்டிய நடத்தை அதுதான். அந்த ஃபங்ஷனே சியில் எழுதியதுதான். கொம்பை இடம் மாற்ற ஒரு ரெஜெக்ஸ். முடிந்தது. ஏபிஐ எண்ணும் வேண்டாம், ஸ்டப்பும் வேண்டாம். 5.6இல் நியாயம் இருந்திருக்கலாம், 8.3இல் இல்லை.

#5 தட்டிவான்

ஒடியல்கூழ், நானும் முதலில் அப்படித்தான் யோசித்தேன். சிக்கல் அட்டவணையில் இல்லை. பாமினி சாதாரண ஆங்கில விசைகளின் மேலேயே தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு. கோப்பில் இருப்பது வெறும் ஆங்கில எழுத்து. புள்ளி வைப்பதற்கு அரைப்புள்ளி விசை. (சி நிரல் ஒன்றை பாமினியில் ஒட்டிப் பார்த்தால் வரிக்கு வரி குற்று விழும்.) ஒரு பந்தியில் நடுவே ஆங்கிலப் பெயர் ஒன்று வந்தால், அது தமிழா ஆங்கிலமா என்பதை அந்தத் துண்டின் எழுத்துருப் பெயர்தான் சொல்லும். எழுத்துரு மாறுகிற இடமெல்லாம் நிலை மாறவேண்டும். அதோடு ‘கொ’ மாதிரி எழுத்துக்கு பாமினியில் கொம்பு முன்னால், அரவு பின்னால், நடுவில் க. யுனிகோடில் க முதலில், பிறகு ஒரே ஒரு உயிர்க்குறி. சில சமயம் கொம்பு ஒரு துண்டின் கடைசியிலும், மெய் அடுத்த துண்டின் முதலிலும் விழுகிறது, பக்கம் வடிவமைத்தவர் நடுவில் தடித்த எழுத்தைப் போட்டிருந்தால். அதற்காகத்தான் அந்த ஆள் நிலையை வைத்திருக்கிற ஒரு வகுப்பாக எழுதியிருக்கிறார். கோட் பார்க்க வடிவாக இல்லை, ஆனால் இந்த மாதிரி மூலைமுடுக்கு எல்லாம் அதற்குள் இருக்கிறது. புதிதாக எழுதினால் இவற்றைத் திரும்பக் கண்டுபிடிக்கவேண்டும்.

#6 ஒடியல்கூழ்

நிலையைப் பிஎச்பி வகுப்பிலும் வைக்கலாம். ஆனால் துண்டுக்கு நடுவில் கொம்பு பிரிவது எனக்குத் தெரியாது. சரி, அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

#7 வெள்ளைப்பூசணி

நான் கிளிநொச்சி வளாகத்தில் படிக்கிறேன், இங்கே புதிது. ஒரு சந்தேகம் குறிகட்டுவான் அண்ணை. பைதனில் ஒருமுறை கட்டிய நீட்சியை அடுத்தடுத்த பதிப்புகளிலும் ஓடவிடலாம், 3.2இலிருந்து அதற்கு ஒரு நிலையான இடைமுகம் இருக்கிறது என்று படித்தேன். பிஎச்பியில் ஏன் அப்படிச் செய்யவில்லை? இவ்வளவு பேரை ஒவ்வொரு வருடமும் திரும்பக் கட்ட வைப்பது என்ன நியாயம்?

#8 குறிகட்டுவான்

நல்ல கேள்வி தங்கச்சி. பைதனில் இருப்பது 2011இல் வந்த வரையறுத்த ஏபிஐ. அதற்குள் நின்றால் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று நீட்சிக்குத் தெரியாது, எல்லாவற்றையும் ஃபங்ஷனைக் கூப்பிட்டுத்தான் கேட்கவேண்டும். உள்ளே என்ன மாறினாலும் ஃபங்ஷன் பெயர் மாறாதவரைக்கும் பழைய கோப்பு ஓடும். விலை என்னவென்றால் ஒவ்வொரு சின்ன விடயத்துக்கும் ஒரு அழைப்பு. அதனால் பைதனிலும் எல்லோரும் அதற்குள் நிற்பதில்லை.

பிஎச்பி எதிர்ப்பக்கம் போனது. ஒரு மதிப்பைத் தாங்குகிற இசட்வால் 16 பைட். முதல் 8 பைட் மதிப்பு அல்லது பாயிண்டர், அதற்கு அடுத்ததில் வகை. ‘இது ஸ்ட்ரிங்கா’ என்று கேட்கிற மேக்ரோ, கம்பைல் ஆனபின் ‘தொடக்கத்திலிருந்து 8 தள்ளி இருக்கிற பைட்டை வாசி’ என்று மட்டும்தான் இருக்கும். ஃபங்ஷன் அழைப்பு ஒன்றும் கிடையாது. அதாவது எஞ்சினின் ஸ்ட்ரக்ட் வடிவம் உங்களுடைய எஸ்ஓ கோப்புக்குள் எண்களாகப் பதிந்துவிடுகிறது. வடிவம் மாறினால் அந்த எண்கள் பொய். ஏபிஐ எண்ணைச் சரிபார்ப்பது இதற்காகத்தான். மறுக்காமல் ஏற்றினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கோ.

இதில் கிடைத்த லாபமும் சின்னதில்லை. 5இல் இசட்வால் 64 பிட் இயந்திரத்தில் 24 பைட், குப்பை சேகரிப்பான் கணக்கும் சேர்ந்தால் 32. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஹீப்பில் ஒதுக்கப்பட்டது. எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கைக் கணக்கு முழு எண்ணுக்கும்கூட இருந்தது. டிமித்ரி ஸ்டோகோவ், ஷின்சென் ஹூய், நிகிதா பொப்போவ் ஆகியோர் 7.0க்கு அடிப்படையான பிஎச்பிஎன்ஜி கிளையில் இதைப் பிரித்துப் போட்டார்கள். எண்ணிக்கையை மதிப்பிலிருந்து எடுத்து, ஸ்ட்ரிங், அரே, ஆப்ஜெக்ட் மாதிரி உண்மையில் பகிரப்படுகிற சாமானுக்குள் வைத்தார்கள். அரேக்கு அடியில் இருக்கிற ஹேஷ் டேபிளின் ஒரு பக்கெட் (ஓர் உறுப்பின் இடம்) 72 பைட்டிலிருந்து 32க்கு இறங்கியது. வேர்ட்பிரஸ் ஓடவிடுகிறவர்கள் 7.0இல் கண்ட வேகம் இங்கிருந்து வந்தது. நீட்சி எழுதியவர்கள் எல்லோரும் அந்த வருடம் அழுதார்கள் என்பதும் உண்மைதான். வேகத்தை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், வேலையை நீட்சிக்காரர் மட்டும் செய்தார்கள். அந்தப் பேரம் நியாயமா என்று கேட்டால், நான் நியாயம் என்பேன். கோடிக்கணக்கான பக்கங்கள் ஓடுகிற இடத்தில் சில நூறு பேர் வருடத்துக்கு ஒருமுறை திரும்பக் கட்டுவது பெரிய விலையில்லை.

#9 தட்டிவான்

கம்பைல் ஆகிவிட்டது. டிஎஸ்ஆர்எம்எல்எஸ் போய்விட்டது, ஸ்டப் எழுதினேன், ஆர்ஜிஇன்ஃபோ வந்தது. 8.1இல் ஸீரியலைஸ் (ஆப்ஜெக்டைச் சேமிக்க ஸ்ட்ரிங்காக்குவது) மறுப்பு ஃபங்ஷன்களை நீக்கியிருக்கிறார்கள், அந்த இடத்தில் வகுப்புக்கு ‘ஸீரியலைஸ் ஆகாது’ என்ற கொடியைப் போட்டேன். எச்சரிக்கை ஒன்று மிச்சம்: பொருந்தாத பாயிண்டர் வகை, ஆப்ஜெக்டை நகலெடுக்கிற குளோன் ஹாண்ட்லரைப் பதிகிற வரியில். பிழை இல்லை, எச்சரிக்கைதானே என்று இப்போதைக்கு விட்டிருக்கிறேன்.

இப்போது மூன்று விதமான கூத்து. ஒன்று, மாற்றி ஆப்ஜெக்டை குளோன் செய்தவுடன் செக்மென்டேஷன் ஃபோல்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டு நிரல் விழுகிறது). இரண்டு, எழுத்துருப் பெயர்ப் பட்டியலில் மூன்று பெயர் கொடுத்தால் இரண்டாவது எழுத்துருவில் இருக்கிற பகுதி மட்டும் மாறாமல் அப்படியே ஆங்கிலக் குப்பையாக வருகிறது. பிழைச் செய்தி ஒன்றுமில்லை. மூன்று, சில கட்டுரைகளில் தொடக்கத்திலேயே விழுகிறது, சிலவற்றில் இல்லை. ஆப்டிமைசேஷனை நிறுத்திக் கட்டினால் மூன்றாவது வருவதில்லை. இதே கோட் 7.4இல் வருடக்கணக்கில் ஓடியது.

#10 குறிகட்டுவான்

மூன்றும் மூன்று பதிப்பின் சாமான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குளோன்: 8.0இல் ஆப்ஜெக்ட் ஹாண்ட்லர்கள் எல்லாம் இசட்வால் பாயிண்டருக்குப் பதிலாக நேரே ஸென்ட் ஆப்ஜெக்ட் பாயிண்டரை வாங்க ஆரம்பித்தன. பண்பின் பெயரும் இசட்வாலாக வராமல் ஸென்ட் ஸ்ட்ரிங்காக வரும். உங்கள் ஃபங்ஷன் இன்னும் இசட்வால் வருகிறது என்று நம்பி, முதல் 8 பைட்டை எடுத்து அது ஆப்ஜெக்டின் முகவரி என்று போகிறது. ஸென்ட் ஆப்ஜெக்டின் முதல் 8 பைட்டில் என்ன இருக்கிறது? 4 பைட் எண்ணிக்கை, 4 பைட் வகைக் கொடிகள். ஜிடிபி என்ற டிபகரில், விழுந்த முகவரியைப் பாருங்கோ, கீழ்ப்பாதி 1 அல்லது 2 என்று இருக்கும். அது முகவரியே இல்லை, அந்த ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு. அந்த எச்சரிக்கை இதைத்தான் சொன்னது. 24.04இல் இருக்கிற கம்பைலர் ஜிசிசி 13, அதனால் எச்சரிக்கையோடு தப்பித்தது. 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14இல் இதே விடயம் பிழை, கட்டவே விடாது. எனக்கு அந்த முடிவு பிடிக்கும்.

இரண்டாவது எழுத்துரு: கோட் பார்க்காமலே சொல்கிறேன், அரேயை, அதன் உள் பாயிண்டரான ஏஆர்டேட்டாவை நேரடியாகப் பிடித்துச் சுற்றுகிறது. 8.1 வரைக்கும் 0, 1, 2 என்று வரிசையான சாவி இருக்கிற அரேயிலும் ஒவ்வொரு இடமும் 32 பைட் பக்கெட். சாவியே 0, 1, 2 என்றால் சாவியை எதற்குச் சேமிக்கவேண்டும்? 8.2இல் வெறும் இசட்வால்களாக, 16 பைட்டாகச் சுருக்கினார்கள். உங்கள் கோட் இன்னமும் 32 பைட் தாவுகிறது. முதலாவதை வாசிக்கும், இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதில் விழும், பிறகு பட்டியலுக்கு வெளியே போய் அங்கே என்ன கிடக்கிறதோ அதை வாசிக்கும். பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே யூனியனுக்குள் (ஒரே மெமரி இடத்தில்) இருப்பதால் கம்பைலர் வாயே திறக்காது. எஞ்சின் தருகிற ஃபோர்ஈச் மேக்ரோவுக்கு மாறுங்கோ. அது இரண்டு வடிவத்தையும் பார்த்துக்கொள்ளும், இனி வடிவம் மாறினாலும் திரும்பக் கட்டினால் போதும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அளவுரு வாங்குகிற இடத்தில் ஸ்ட்ரிங்கின் நீளத்தை எந்த வகையில் வைத்திருக்கிறீர்கள்?

#11 தட்டிவான்

இன்ட். அளவுரு வாங்குகிற ஸென்ட் பார்ஸ் பராமீட்டர்ஸுக்கு, ஸ்ட்ரிங்கைக் குறிக்கிற ‘எஸ்’ கொடுத்து, சார் பாயிண்டர் ஒன்று, இன்ட் ஒன்று.

#12 குறிகட்டுவான்

அதேதான். 5இல் அது இன்ட், 4 பைட். 7.0இலிருந்து சைஸ்_டி, 64 பிட்டில் 8 பைட். எஞ்சின் 8 பைட் எழுதுகிறது, நீங்கள் 4 பைட்டுக்குத்தான் இடம் கொடுத்திருக்கிறீர்கள். மிச்ச 4 பைட் ஸ்டாக்கில் பக்கத்து மாறிக்குள் போய் விழுகிறது. நீளம் சின்னதாக இருப்பதால் அந்த மேல்பாதி எப்போதும் சுழியம், ஆக பக்கத்து மாறியின் பாதி சுழியமாகிறது. 7.4இல் அந்தப் பக்கத்து இடம் யாருக்கும் தேவைப்படாத இடமாக இருந்திருக்கும். புதிய கம்பைலர் மாறிகளை வேறு ஒழுங்கில் அடுக்கியது, இப்போது ஒரு பாயிண்டரின் பாதி அழிகிறது. அந்தக் கோட் 7.0இலிருந்தே உடைந்துதான் கிடந்தது.

அளவுரு எண்ணிக்கை மாறக்கூடிய ஃபங்ஷன் என்பதால் கம்பைலருக்கு வகை தெரியாது, எச்சரிக்கையும் வராது. இதற்கு மாற்று, 7.0இல் வந்த இசட்_பராம் மேக்ரோக்கள். கொஞ்சம் கூட எழுதவேண்டும், ஆனால் உள்ளே இருப்பது வகை தெரிந்த இன்லைன் ஃபங்ஷன்கள். இன்ட் கொடுத்தால் கம்பைலர் உடனே கத்தும். வேகமும் கூட. என்னைக் கேட்டால் நேரே ஸென்ட் ஸ்ட்ரிங்காக வாங்குகிற வகையைப் பாவியுங்கோ. நீளம், எழுத்து இரண்டும் அதற்குள்ளேயே இருக்கும்.

ஒரு கவனம்: வந்த ஸென்ட் ஸ்ட்ரிங்கை அந்த இடத்திலேயே திருத்தாதீர்கள். அது இன்டர்ன் ஆன ஸ்ட்ரிங்காக இருக்கலாம், பல இடங்களில் பகிரப்பட்டிருக்கும். விடை வேறு ஸ்ட்ரிங்கில் போகவேண்டும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட், பாமினியில் விசை ஒன்றுக்கு 1 பைட். ‘டி’ பாமினியில் ஒரே விசை, யுனிகோடில் இரண்டு குறி என்பதால் 6 பைட். உள்ளீட்டின் நீளத்துக்கே இடம் ஒதுக்கினால் போதாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் பழைய கோடில் என்ன கணக்கு என்று ஒருமுறை பாருங்கோ.

#13 ஒடியல்கூழ்

இதைத்தான் நான் ஆரம்பத்தில் சொன்னேன். பாமினிக்கும் ஸ்டாக்கில் 4 பைட் அழிவதற்கும் என்ன சம்பந்தம்? பதிப்பகத்துக்குத் தேவை தேடல். தட்டிவான் நாளைக்கு வேறு வேலைக்குப் போனால் அடுத்து வருகிறவர் 8.5க்கு இதே பாட்டைத் திரும்பப் படவேண்டும். இங்கே பிஎச்பி தெரிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஜிடிபியைப் பிடிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

#14 குறிகட்டுவான்

நியாயமான கேள்வி. நான் நீட்சிக்காக வக்காலத்து வாங்கவில்லை. என்னுடைய வாதம் வேறு.

தட்டிவான், உங்கள் கோப்பில் எஞ்சினைத் தொடுகிற வரிகள் எவை, தொடாத வரிகள் எவை என்று பிரித்துப் பாருங்கோ. பாமினி அட்டவணை, கொம்பு நகர்த்துவது, துண்டு மாறும்போது நிலையைக் காப்பது, இவற்றுக்கு இசட்வால் என்றால் என்ன என்று தெரியவேண்டிய தேவை இல்லை. இன்று நாம் கண்ட மூன்று உடைவும் எங்கே? அளவுரு வாங்குகிற இடம், அரே சுற்றுகிற இடம், குளோன். மூன்றும் எல்லையில். நடுவில் ஒன்றுகூட இல்லை. அந்த நடுப்பகுதி 5.6இல் எழுதியபடியே இன்றும் சரி.

ஆகவே அதை வெட்டித் தனி சி நூலகமாக்குங்கோ. அதற்குள் ஸென்ட் ஹெடர் ஒன்றும் வரக்கூடாது. மெமரி ஒதுக்க சியின் எம்அலக் பாவிக்கலாம், எஞ்சினின் ஈஎம்அலக் கூடாது. உள்ளீடு சார் பாயிண்டரும் நீளமும், எழுத்துரு நிலை ஒரு சாதாரண ஸ்ட்ரக்ட், வெளியீடு கூப்பிடுகிறவர் தருகிற பஃபர். பிஎச்பியைத் தொடுகிற கோப்பு தனியாக, எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு. அப்போது அடுத்த பதிப்பில் உடைவது அந்த ஒரு கோப்புத்தான். ஒடியல்கூழ் சொல்கிற அடுத்த ஆள் அந்த ஒரு கோப்பைப் படித்தால் போதும். நாளைக்கு நீட்சியே வேண்டாம் என்றாலும் நூலகம் இருக்கும், கட்டளை வரிக் கருவியாக்கலாம், பைதனிலிருந்து கூப்பிடலாம்.

கோப்புக்குள் பதிப்பு எண் மேக்ரோவை வைத்து 7க்கும் 8க்கும் தனித்தனிக் கிளை போடுகிற பழக்கத்தை விடுங்கோ. 7.4இன் ஆதரவு 2022 நவம்பர் 28ஓடு முடிந்தது. உங்களுக்கு ஒரே ஒரு சேர்வர்தான். இரண்டு உலகத்திலும் ஓடவேண்டிய தேவை பொதுவில் வெளியிடுகிறவர்களுக்கு மட்டும்.

#15 வெள்ளைப்பூசணி

தனி நூலகம் ஆக்கினால் எஃப்எஃப்ஐ போதாதா அண்ணை? பிஎச்பியிலிருந்தே நேரே சி ஃபங்ஷனைக் கூப்பிடலாமே. நீட்சிக் கோப்பே தேவையில்லை.

#16 சங்கிலியன்தோப்பு

எஃப்எஃப்ஐ 7.4இலிருந்து இருக்கிறது. ஆனால் அதன் முன்னிருப்பு அமைப்பு ‘பிரீலோட்’. கட்டளை வரியில் ஓடும், வெப்பில் முன்பே ஏற்றிய கோப்புகளுக்குள் மட்டும்தான் ஓடும். எல்லாப் பக்கத்துக்கும் திறந்துவிட்டால் யாராவது ஒரு பிளக்இன் ஓட்டைக்குள்ளால் வந்து சேர்வரின் மெமரியை நேரே தொடலாம். என்னுடைய சேர்வரில் திறக்கமாட்டேன்.

#17 குறிகட்டுவான்

அதோடு எஃப்எஃப்ஐ அழைப்பு ஒவ்வொன்றுக்கும் செலவு இருக்கிறது. ஒரு கட்டுரைக்கு ஒருமுறை கூப்பிட்டால் தெரியாது, துண்டுக்குத் துண்டு கூப்பிட்டால் தெரியும். இரவில் ஓடுகிற தொகுதி வேலைக்கு நல்ல தெரிவு. பக்கெட் எவ்வளவு, இசட்வால் எவ்வளவு என்ற தலையிடி அங்கே இல்லை. ஆனால் ஃபங்ஷனின் வகை அறிவிப்பைக் கையால் எழுதித் தருகிறீர்கள். நூலகத்தில் இன்ட்டை சைஸ்_டியாக மாற்றிவிட்டு அறிவிப்பை மாற்ற மறந்தால் 12ஆம் பதிவின் கதை அப்படியே திரும்ப வரும்.

#18 தட்டிவான்

பிரித்துவிட்டேன். மூன்று உடைவும் போய்விட்டன. ஜிடிபியில் பார்த்த முகவரியின் கீழ்ப்பாதி 2, குறிகட்டுவான் அண்ணை சொன்ன மாதிரியே.

ஒரு சாமான் புதிதாகப் பிடிபட்டது, எழுதி வைக்கிறேன், இன்னொருவருக்கு உதவும். பிஎச்பியை டிபக் முறையில் தனியாகக் கட்டி, எங்கள் சோதனைகளை அதில் ஓடவிட்டேன். முடிவில் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு மெமரிக் கசிவு என்று வரிசையாகச் சொன்னது. தேடிப் பார்த்தால், 5இல் விடையைத் திருப்புகிற மேக்ரோவுக்குக் கடைசியில் ஒரு கொடி இருந்திருக்கிறது: 1 என்றால் நகலெடு, 0 என்றால் என் பஃபரை நீயே எடுத்துக்கொள். இவர் 0 போட்டிருக்கிறார். 7இல் அந்தக் கொடி இல்லை, எப்போதும் நகல்தான். 7க்கு மாற்றியவர் கொடியை மட்டும் அழித்திருக்கிறார், பஃபரை விடுவிக்கவில்லை. வெப்பில் ஒவ்வொரு வேண்டுகோளின் முடிவிலும் எஞ்சினே எல்லாவற்றையும் கூட்டி அள்ளிவிடுவதால் யாருக்கும் தெரியவில்லை. பழைய இதழ்களை மொத்தமாக ஓடவிடும்போது மட்டும் நடுவழியில் மெமரி வரம்பைத் தொட்டு நிற்கும். பதிப்பகத்தில் அதற்கு வைத்தியமாக வரம்பைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

இப்போது ஸென்ட் ஸ்ட்ரிங்கை முதலிலேயே ஒதுக்கி, நூலகத்தை நேரே அதற்குள் எழுதவிட்டு, நீளத்தைச் சரிசெய்து, கடைசியில் சுழியப் பைட்டை வைத்துத் திருப்புகிறேன். நகலும் இல்லை, கசிவும் இல்லை. பஃபரைக் கூப்பிடுகிறவர் தரவேண்டும் என்று அண்ணை சொன்னதன் பலன் இங்கேதான் விளங்கியது.

#19 ஒடியல்கூழ்

வாழ்த்துகள். நான் இன்னும் பிஎச்பியிலேயே எழுதியிருப்பேன். ஆனால் அந்த நூலகத்தைப் பொதுவில் போடுவீர்களா? கட்டளை வரிக் கருவியாக இருந்தால் எனக்கே தேவை. என்னிடமும் பாமினியில் ஒரு கோயில் மலர்த் தொகுதி கிடக்கிறது.

#20 தட்டிவான்

பதிப்பகத்தில் கேட்டுவிட்டேன், ஓம் என்றுவிட்டார்கள். நூலகம், கருவி, நீட்சி மூன்றையும் தனித்தனியாகப் போடுகிறேன். உங்கள் மலரில் பாமினி தவிர வேறு எழுத்துரு கலந்திருந்தால் பெயரை மட்டும் அனுப்புங்கோ.

#21 வெள்ளைப்பூசணி

நீட்சியை மற்றவர்கள் நிறுவுவதற்கு, நீட்சிகளின் களஞ்சியமான பெக்கல்லில் பதியவேண்டுமா? அப்புறம் அண்ணை, நானும் ஒன்று எழுதிப் பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

#22 குறிகட்டுவான்

பெக்கல் தேவையில்லை, இப்போது பை என்ற நிறுவி இருக்கிறது. கம்போசர் கோப்பில் வகையை ‘பிஎச்பி-எக்ஸ்ட்’ என்று போட்டு பேக்கஜிஸ்ட் என்ற பொதிக் களஞ்சியத்தில் பதிந்தால், நிறுவுகிறவரின் பிஎச்பி பதிப்புக்கு அதுவே கட்டிக்கொடுக்கும்.

தொடங்குவதற்கு மூலத்தின் எக்ஸ்ட் அடைவில் எக்ஸ்ட்_ஸ்கெல் என்ற பிஎச்பி நிரல் இருக்கிறது. பெயர் கொடுத்தால் ஸ்டப், ஆர்ஜிஇன்ஃபோ, சோதனைக் கோப்பு எல்லாவற்றோடும் எலும்புக்கூடு தரும். இணையத்தில் கிடைக்கிற பழைய பாடங்களில் இரட்டை நட்சத்திரத்தோடு இசட்வால் எழுதியிருந்தால் அது 5க்கு உரியது, மூடிவிடுங்கோ.

தட்டிவான், பொதுவில் போடமுன் டெபியன் 13இல் ஒருமுறை கட்டிப் பாருங்கோ. அங்கே பிஎச்பி 8.4, ஜிசிசி 14. எச்சரிக்கை ஏதாவது மிச்சம் இருந்தால் அங்கே பிழையாக நிற்கும்.